முனியாண்டிக்கு நேர்ந்த சுருட்டு

மலேசியாவில் ஜொகூர் பாருவை ஒட்டிய தம்போயில் கையுறை செய்யும் தொழிற்சாலை ஒன்றில் தேன்மொழிக்குத் தரம் பார்க்கிற வேலை. அச்சிலிருந்து உருவி வரும் ரப்பர் கையுறையைக் காற்றடைத்து உப்பவைத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். பொடி ஓட்டை இருந்தாலும் சரி, சின்னப் புள்ளி இருந்தாலும் சரி, சிவப்புத் தொட்டியில் வீசிவிடுவாள். நல்லதற்கு நீலத் தொட்டி, கெட்டதற்குச் சிவப்புத் தொட்டி, நடுவில் தொட்டி கிடையாது. கல்யாணமாகிச் சாஆ என்ற எஸ்டேட் ஊரிலிருந்து இங்கே வந்த வருஷம் சேர்ந்தவள். மகள் லோஷினி பிறந்து, படித்து, சிங்கப்பூரில் வேலைக்குப் போன பிறகும் அதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறாள். வீட்டிலும் அதே கண்தான். பாசாரில் மீன்காரர் அவளைத் தூரத்தில் கண்டாலே செவுளைத் தூக்கிக் காட்டத் தயாராகிவிடுவார். இது நல்லதா கெட்டதா என்று யாரிடமும் கேட்டு நிற்காத இந்தப் பெண்பிள்ளை, ஐம்பது வயதைத் தாண்டியபின் ஒரே ஒரு சுருட்டுக்காக ஊரெல்லாம் கேட்டு அலைந்தாள் என்றால், அதற்கு அவள் வாயைத் தவிர வேறு காரணம் இல்லை.

அவள் புருஷன் மகேஸ்வரன் தொழிற்சாலை ஆட்களை ஏற்றி இறக்கும் பஸ் ஓட்டியவர். ஒரு கையில் ஸ்டியரிங் என்றால் மறு கையில் சிகரெட். சுருட்டு கிடைத்துவிட்டால் சிகரெட்டைத் திரும்பியும் பார்க்கமாட்டார். சாஆ எஸ்டேட்டில் இருக்கும் முனியாண்டி கோயிலில் வருஷா வருஷம் படையல் போடுவார்கள். சாராயம், சுருட்டு, கறிச்சோறு எல்லாம் வைப்பார்கள். படையல் முடிந்து மிஞ்சுகிற சுருட்டெல்லாம் எப்படியோ மகேஸ்வரன் சட்டைப்பைக்கு வந்து சேரும். போன வருஷம் இருமல் நிற்காமல் பெரியாஸ்பத்திரிக்குப் போனார். படம் எடுத்தார்கள். நுரையீரலில் ஒரு நிழல் தெரிந்தது. சதையைக் கிள்ளிச் சோதனைக்கு அனுப்பினார்கள்.

முடிவு சொல்ல உள்ளே கூப்பிடுவதற்கு முன், வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோதுதான் தேன்மொழி நேர்ந்துகொண்டாள். மற்றவர்கள் என்றால் "ஒரு கட்டுச் சுருட்டு வைக்கிறேன் சாமி" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருப்பார்கள். தரம் பார்த்தே பழகிய வாய்க்கு அது போதவில்லை. "முனியாண்டி, அந்த நோவு மட்டும் இல்லன்னு ஆயிட்டா, இருக்கிறதுலயே உசத்தியான சுருட்ட உனக்குக் கொண்டாந்து வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டாள்.

அந்த நோவு இல்லை என்று ஆகிவிட்டது. என்றைக்கோ வந்து ஆறிய சளியின் தழும்பாம். ஆனால் சந்தோஷப்பட்டு எழுவதற்குள் மலாய்க்கார டாக்டரம்மா விரலை ஆட்டினார். நுரையீரல் ஏற்கெனவே பாதி கெட்டிருக்கிறது, இனி ஒரு இழுப்புக்கூடக் கூடாது, மறுபடி ஆரம்பித்தால் மூக்கில் குழாயோடுதான் வாழவேண்டும், அதுவும் ரொம்ப நாளைக்கு இல்லை என்றார். மகேஸ்வரன் அன்றோடு விட்டுவிட்டார். விட்டுவிட்டு ஏலக்காயை மென்றார், மிட்டாயைச் சப்பினார், ஒன்றுமில்லாததற்கெல்லாம் எரிந்து விழுந்தார். குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பார். தேன்மொழிக்கு அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

அப்போதுதான் தன் வாய் செய்த வேலை அவளுக்கு முழுதாக உறைத்தது. புகையிலையிலிருந்து தப்பி வந்த மனுஷனுக்காகப் புகையிலையைத் தேடி வாங்க வேண்டும். வாங்காமல் விட்டால் முனியாண்டி பொல்லாத சாமி, கொடுத்ததைத் திருப்பி எடுத்துக்கொள்வார். வாங்கினாலோ அதன் வாசம் போதும், இந்த மனுஷனுக்கு மறுபடி நாக்கு ஊற. போதாக்குறைக்கு, எது உசத்தி என்று அவளுக்குத் தெரியாது. அந்த வீட்டில் அது தெரிந்த ஒரே ஆள் மகேஸ்வரன். அவரிடம் மட்டும் கேட்கக்கூடாது.

ஜொகூர் பாருவில் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் ருக்னுதீன் பாயின் கடை இருக்கிறது. வெற்றிலை, சாம்பிராணி, பூசைச் சாமான் எல்லாம் அங்கே கிடைக்கும். நேரே அங்கே போனாள்.

"பாய், சுருட்டுல இருக்கிறதுலயே உசத்தி எது?"

"யாருக்கும்மா?"

"முனியாண்டிக்கு."

ருக்னுதீன் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "திருச்சி இருக்கு, திண்டுக்கல் இருக்கு. சாமிக்குன்னா எல்லாரும் திருச்சிதான் கேக்குறாங்க. எங்க வாப்பா காலத்திலேர்ந்து இதைத்தான் விக்கிறோம். இதுவரைக்கும் முனியாண்டிகிட்டேர்ந்து ஒரு கம்ப்ளெயின் வந்ததில்ல."

தேன்மொழி ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். கறுப்பாக, கோணலாக இருந்தது. முகர்ந்தாள். மகேஸ்வரனின் பழைய சட்டை வாடைதான் வந்தது. இது நீலத் தொட்டிக்கா சிவப்புத் தொட்டிக்கா என்று அவளுக்கு ஒன்றும் ஓடவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு கட்டு வாங்கிப் பையின் அடியில் போட்டுக்கொண்டாள்.

சனிக்கிழமை சிங்கப்பூர்ப் பாலம் தாண்டி வந்த லோஷினி அந்தக் கட்டைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். அவள் சிங்கப்பூரில் அரிசி முதல் ஷாம்பு வரை எல்லாம் ஆர்கானிக் என்று எழுதியிருந்தால்தான் தொடுவாள்.

"அலமாக், இதையா சாமிக்கு வைக்கப் போறீங்க? பொயில செடிக்கு எவ்ளோ பூச்சி மருந்து அடிக்கிறாங்க தெரியுமா? சாமிக்கு வைக்கிற ஆப்பிளக் கழுவி வைக்கிறீங்க. சுருட்டக் கழுவ முடியுமா?"

தேன்மொழி அப்படி யோசித்ததே இல்லை. கழுவ முடியாதுதான்.

"ஆர்கானிக் சுருட்டுன்னே தனியா இருக்கும்மா. கெமிக்கல் உரம் இல்ல, மருந்து இல்ல. உசத்தின்னா அதுதான் உசத்தி."

அதுவரை டிவி பார்ப்பதுபோல் உட்கார்ந்திருந்த மகேஸ்வரன் வாயிலிருந்த ஏலக்காயை ஒரு கன்னத்துக்குத் தள்ளினார். "அதுல கெமிக்கலே இல்லயா?"

"இல்லப்பா."

"அப்ப அது கீர மாதிரின்னு சொல்லு." குரலில் அவருக்கே தெரியாமல் ஒரு துள்ளல் வந்துவிட்டது. "தேனு, சாமிக்கு வைக்கிற பொருளு. நல்லா இருக்கா இல்லயான்னு தெரியாம எப்படி வைக்கிறது? ஒரே ஒரு இழுப்பு நான்..."

"வாய மூடுங்க!" என்று தேன்மொழி போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. சாமிக்கு நல்லது தேடப் போய், புருஷனுக்கு ஒரு சாக்கைத் தேடிக் கொடுத்துவிட்டோமோ என்று அவளுக்கு இருந்தது.

மகேஸ்வரன் சாக்கை விடுகிற ஆள் இல்லை. அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது, முகத்தைப் பச்சைப்பிள்ளைபோல் வைத்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் நேராகவே மலாயில் கேட்டார், மருந்தடிக்காத புகையிலை என்றால் பரவாயில்லையா என்று.

டாக்டரம்மா சிரித்துவிட்டு, மாமா என்பதுபோல் மலாயில் கூப்பிட்டார். "பாக்சிக், எரிச்சா எல்லாமே புகைதான். நிக்கோடின் அந்த இலையிலேயே இருக்கு, தாரு எரியிறதுல வருது. உரத்த மாத்தினா அது போயிடாது. ஆர்கானிக்கும் வேண்டாம், ஆர்கானிக் இல்லாததும் வேண்டாம்."

தேன்மொழிக்கு அந்தம்மாவின் காலில் விழவேண்டும்போல் இருந்தது. ஆனால் எழுந்து வருகிற நேரத்தில் மனசு கேட்கவில்லை. "அப்போ டாக்டர், உடம்ப விடுங்க. ருசியில எது உசத்தி?" என்று கேட்டாள். டாக்டரம்மா அவளையும் புருஷனையும் மாறி மாறிப் பார்த்தார். அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

சரி, விற்கிறவனிடமே கேட்போம் என்று ஒருநாள் வேலை முடிந்து சுருட்டுக்கென்றே இருக்கும் கடைக்குப் போனாள். கண்ணாடி அறை, உள்ளே ஈரக் குளிர்ச்சி, வரிசை வரிசையாக மரப்பெட்டிகள். தொழிற்சாலைச் சட்டையோடு உள்ளே நுழையக் கூச்சமாக இருந்தது. கடையில் இருந்த சீனப் பையன் மரியாதையாக ஆன்ட்டி என்று கூப்பிட்டு ஆர்கானிக் சுருட்டு ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்தான். தடித்த, பழுப்பான, நல்ல நேரான சுருட்டு. தேன்மொழி பழக்கத்தில் வெளிச்சத்தில் திருப்பினாள். சுருட்டைச் சுற்றியிருந்த மேலிலையில் ஒரு புள்ளி இருந்தது. இன்னும் திருப்பினாள். இன்னொன்று இருந்தது.

"இது ரிஜெக்ட்" என்றாள்.

"இல்ல ஆன்ட்டி. மருந்தடிக்காத இலையப் பூச்சி கடிக்கும். புள்ளி விழாத மேலிலை கிடைக்கிறதுதான் கஷ்டம். புள்ளி இருந்தா மருந்தடிக்கலன்னு அர்த்தம்னு சில பேர் தேடி வாங்குறாங்க."

"அப்ப புள்ளி இல்லன்னா?"

"அதுவும் நல்லதுதான். நல்லா பார்த்து வளர்த்திருக்காங்கன்னு அர்த்தம்."

தேன்மொழிக்குத் தலை சுற்றியது. புள்ளி இருந்தாலும் நல்லது, இல்லாவிட்டாலும் நல்லது என்றால், இத்தனை வருஷம் தான் சிவப்புத் தொட்டியில் வீசியதெல்லாம் என்ன? அந்தப் பையன் நல்லவன், மறைக்காமல் சொன்னான். சில பேர் ஆர்கானிக்தான் தொண்டையில் மென்மையாக இறங்குகிறது, இலையின் சொந்த ருசி தெரிகிறது என்பார்களாம். சில பேர் சப்பென்று இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்திருக்கிறார்களாம். அவனைக் கேட்டால், ருசியில் பெரும்பங்கு உரத்தில் இல்லை, பறித்த இலையைக் காயவைத்து, குவித்துப் புழுங்கவிட்டு, வருஷக்கணக்கில் பதப்படுத்துகிற கையில்தான் இருக்கிறது என்றான். கண்ணைக் கட்டிக்கொண்டு குடித்தால் தனக்கே வித்தியாசம் தெரியுமா என்பது சந்தேகம் என்றும் சொன்னான். இத்தனையும் கேட்ட பிறகு எதற்கு அதையே வாங்கினாள் என்றால், அவளுக்கே தெரியவில்லை. வாங்காமல் வெளியே வந்தால் முனியாண்டிக்குக் கஞ்சத்தனம் செய்த மாதிரி ஆகிவிடுமோ என்று தோன்றியிருக்கும்.

வீட்டில் அதை ஒளித்துவைப்பது பெரும்பாடாக இருந்தது. கடைசியில் சாமி அலமாரியில், முனியாண்டி படத்துக்குப் பின்னால் வைத்தாள். சாமி பொருளை அவர் தொடமாட்டார் என்று ஒரு நம்பிக்கை. மறுநாள் சாயங்காலம் வேலை விட்டு வந்தபோது மகேஸ்வரன் சாமி அலமாரிக்கு முன்னால் கண்ணை மூடிக் கைகூப்பி நின்றிருந்தார். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, மெல்ல விட்டார். மறுபடியும் இழுத்தார். கும்பிடுகிறாரா, முகர்கிறாரா? தேன்மொழி செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று பார்த்தாள். நல்ல பக்திமான்போலத்தான் இருந்தது.

படையலுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை இருவரும் பெக்கான் நானாஸ் ஊருக்குக் காடியை ஓட்டிக்கொண்டு போனார்கள். அங்கே அன்னாசித் தோட்டத்தில் வேலை செய்யும் ரூபேந்திரன் மகேஸ்வரனுக்குச் சித்தப்பா மகன். முனியாண்டி அவன்மேல்தான் வருவார். மற்ற நாளில் சுருட்டின் பக்கமே போகாத ஆள், சாமி வந்துவிட்டால் ஒன்றன்பின் ஒன்றாக ஊதித் தள்ளுவான். முனியாண்டியின் வாயாக இருக்கிறவனுக்குத் தெரியாமலா போய்விடும் என்று தேன்மொழி நினைத்தாள்.

"ரூபன், நீ எத்தனையோ சுருட்டு குடிச்சிருக்க. எது நல்லா இருக்கும்?"

"அண்ணி, நான் எங்க குடிச்சேன்? சாமிதான் குடிக்குது. முடிஞ்சப்புறம் எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இருக்காது லா. வாய் மட்டும் நாறும்."

"ஆர்கானிக்னா சாமிக்குப் புடிக்குமா?"

ரூபேந்திரன் தலையைச் சொறிந்தான். பிறகு இரண்டு அன்னாசியை அறுத்து வந்தான். "இதுல ஒண்ணு மாட்டெரு போட்டது, ஒண்ணு கடையுரம் போட்டது. எது எதுன்னு சொல்லுங்க, பாப்போம்." தேன்மொழி இரண்டையும் தின்று, யோசித்து, மறுபடியும் தின்று, இனிப்பாக இருந்ததைக் காட்டினாள். அவன் அதை எடுத்துத் தானும் கடித்தான். கொஞ்ச நேரம் மென்றான். "அறுக்கும்போது மாத்தி வச்சிட்டேன் போல. எனக்கே தெரியல அண்ணி" என்றான்.

அவள் கை கழுவிவிட்டு வந்தபோது, அண்ணனும் தம்பியும் கொட்டகைக்குப் பின்னால் தலையோடு தலை வைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவளைக் கண்டதும் மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள்.

கடைசியில் அவள் எடுத்த முடிவு இதுதான். திருச்சியையும் வைப்போம், ஆர்கானிக்கையும் வைப்போம், எது உசத்தி என்று முனியாண்டியே சொல்லிக்கொள்ளட்டும். தரம் பார்க்கிற பொறுப்பை இப்படி இன்னொருவர் தலையில் கட்டியது அவளுக்கு அதுதான் முதல் தடவை. அதில் ஒரு நிம்மதியும் இருந்தது.

படையலன்று லோஷினியும் கூட வந்திருந்தாள். சாஆவில் நல்ல உச்சிவெயில். செம்பனை மரங்களுக்கு நடுவே முனியாண்டியின் சூலமும் அரிவாளும் சந்தனத்தில் குளித்து நின்றன. வாழையிலையில் படையல் போட்டு, ஓரத்தில் இரண்டு சுருட்டையும் தேன்மொழி தன் கையால் வைத்தாள். உருமி மேளம் அடிக்க ஆரம்பித்ததும் ரூபேந்திரனுக்கு உடம்பு உதறியது. கண் மேலே செருகியது. ஒரு கூச்சல் போட்டு இலைக்கு முன்னால் வந்து நின்றான். இரண்டு சுருட்டையும் பார்த்தான். புள்ளி விழுந்த ஆர்கானிக் சுருட்டைத்தான் எடுத்தான்.

தேன்மொழிக்குப் பாரம் இறங்கினதுபோல் இருந்தது. யாரோ பற்றவைத்தார்கள். முனியாண்டி இழுத்தார், விட்டார், மறுபடி இழுத்தார். இனிப்பும் காரமுமாகப் புகை கூட்டத்துக்குள் பரவியது. பத்துப் பேர் மூக்கைத் தூக்கினார்கள். தேன்மொழி மகேஸ்வரனைத்தான் பார்த்தாள். அவர் அந்தப் புகையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

பாதிகூட ஆகியிருக்காது. முனியாண்டி சட்டென்று நிறுத்தி, சுருட்டை வாயிலிருந்து எடுத்து உற்றுப் பார்த்தார். நேரே மகேஸ்வரனிடம் நடந்து வந்து, "புடிடா" என்று நீட்டினார். இன்னொரு கையை நீட்டித் திருச்சிச் சுருட்டைக் கேட்டு வாங்கிப் பற்றவைத்துக்கொண்டார்.

தேன்மொழிக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிடித்ததால் பிரசாதமாகக் கொடுத்தாரா? பிடிக்காததால் தள்ளிவிட்டாரா? கொடுத்தது சாமியா, கொட்டகைக்குப் பின்னால் பேசிக்கொண்டிருந்த தம்பியா? யோசிக்க நேரம் இல்லை. மகேஸ்வரன் இரண்டு கையையும் ஏந்திவிட்டார். சுருட்டு கைக்கு வந்துவிட்டது. "சாமி குடுத்தா வேணான்னு சொல்லக்கூடாது" என்று பின்னாலிருந்து ஒரு கிழவர் எடுத்துக்கொடுத்தார். மகேஸ்வரன் ஒரே ஒரு தடவை பெண்டாட்டியைப் பார்த்தார். கெஞ்சுகிற பார்வை. கை வாய்க்கு ஏறியது.

தேன்மொழி பாய்ந்து அந்தச் சுருட்டைப் பிடுங்கினாள். உருமி நின்றுவிட்டது.

"சாமி!" என்று கத்தினாள். "இவர எனக்குக் குடுத்துட்டீங்க. குடுத்தது குடுத்ததுதான். இத நான் வாங்கிக்கிறேன்."

சொல்லிவிட்டு, ஆயுசுக்கும் புகையிலையைத் தொடாத அந்தப் பொம்பளை, சுருட்டை வாயில் வைத்து இழுத்தாள். நெஞ்சுக்குள் நெருப்பு இறங்கியது. குனிந்து இருமினாள், கண்ணிலும் மூக்கிலும் நீர் கொட்டியது. நிமிர்ந்தபோது முனியாண்டி அவளுக்கு நேரே நின்று முறைத்துக்கொண்டிருந்தார். அப்படியே நின்று, ஒரு பிடி திருநீறெடுத்து அவள் நெற்றி நிறைய அப்பிவிட்டு, "ம்" என்று சொல்லித் திரும்பிப் போனார். அது சாமி தந்த உத்தரவா, அண்ணிக்குப் பயந்த ரூபேந்திரனா என்று கேட்டால், அவள் இன்றைக்கும் கையை விரிப்பாள்.

லோஷினி ஓடிவந்து தாங்கினாள். "அம்மா, போதும்மா, கீழ போடுங்க!"

"சாமி குடுத்தத எப்படிடி கீழ போடுறது?" வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது, வேறு ஒருவருக்குக் கொடுக்கவும் முடியாது. அதைத் தான்தான் இழுத்துத் தீர்க்கவேண்டும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. செம்பனை ஓரத்தில் ஒரு கட்டையில் போய் உட்கார்ந்தாள். மகேஸ்வரனும் பின்னாலேயே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எப்படி இருக்கு தேனு?" என்றார் மெதுவாக. கேட்காமல் இருக்க அவரால் முடியவில்லை.

அவள் இன்னொரு இழுப்பு இழுத்து, இருமி, யோசித்துப் பார்த்தாள். வாயெல்லாம் கசந்தது. கசப்புக்குப் பின்னால் அன்னாசிபோல எதுவோ வந்தது, இல்லை வரவில்லை. "தெரியலங்க" என்றாள். "ஏன் இங்க உக்காந்திருக்கீங்க? புகை உங்க பக்கம் வருது. போங்க, காடியில போய் உக்காருங்க. கண்ணாடிய ஏத்திக்குங்க."

அவர் எழுந்து போனார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். தேன்மொழிக்குத் தலை கிறுகிறுத்தது, வயிற்றைப் புரட்டியது, ஆனாலும் கையில் இருந்தது குறையக் குறைய விடாமல் இழுத்தாள். நடுவில் ஒருமுறை நிமிர்ந்து காடியைப் பார்த்தாள். மூடிய கண்ணாடிக்குப் பின்னால் மகேஸ்வரன் இவளையே பார்த்துக்கொண்டு, வாயைத் துண்டால் பொத்தி, தோள் குலுங்க அழுதுகொண்டிருந்தார். அவர் அழுதது அந்தச் சுருட்டுக்காகவா, அதை இழுக்கிற தனக்காகவா என்று அவளுக்குத் தெரியவில்லை.